சுமப்பதும் சமைப்பதும்

திருத்தக்கதேவர் தம் சீவக சிந்தாமணியில் வானூர்தி ஒன்றைக் காட்டுகின்றார். சச்சந்த மன்னன் தன் தேவி விசயையைக் காக்கும்பொருட்டுச் செய்வித்த மயிற்பொறி அது. அப்பொறி பறந்தது என்ற அளவில் புலவர் நின்றாரல்லர். அதனைத் தச்சன் ஒருவன் செய்தான் என்பதையும், அதனை மேலெழுப்பவும் கீழிறக்கவும் அரசி பயின்றாள் என்பதையும் சேர்த்தே கூறுகின்றார். பறப்பதைக் கண்டு வியக்கும் கண்ணுக்குச் செய்தவன் கையும் தெரிதல் வேண்டும் என்பது அப்புலவர் கருத்துப் போலும். இன்று விண்ணில் எழும் ஏவூர்தியைக் காணும்போதும் நாம் அவ்வழியே நோக்க விழைகின்றோம்.

2025-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் காலை 8.55 மணியளவில், ஸ்ரீஹரிகோட்டாவிலுள்ள சதீஷ் தவான் விண்வெளி மையத்திலிருந்து எல்.வி.எம்.3 என்னும் ஏவூர்தி எழுந்தது. அமெரிக்க நாட்டு ஏ.எஸ்.டி. ஸ்பேஸ்மொபைல் நிறுவனத்திற்குரிய ‘புளூபேர்ட்’ வகைத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் ஒன்றை அது சுமந்து சென்றது. அதன் எடை ஏறத்தாழ 6,100 கிலோ. அந்நாள்வரை இந்திய மண்ணிலிருந்து ஏவப்பட்ட செயற்கைக்கோள்களுள் அதுவே எடை மிகுந்தது. கட்டணம் பெற்றுக்கொண்டு செய்துகொடுத்த முழு வணிகப் பணி இது. விண்வெளித் துறையின்கீழ் 2019-இல் தொடங்கப்பெற்ற அரசு நிறுவனமாகிய நியூஸ்பேஸ் இந்தியா அதற்குரிய ஒப்பந்தத்தைச் செய்திருந்தது.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வான்வழியில் நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவிலேயே உள்ளது. வானம் தெளிந்த நாள்களில் ஏவூர்தி விட்டுச்செல்லும் வெண்புகைத் தடத்தைச் சென்னை மாநகரின் மொட்டை மாடிகளிலிருந்தே மக்கள் கண்டு மகிழ்வதுண்டு. அந்த வானத்தின்கீழ், ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை நீளும் தொழில்தடத்தில் உலகச் சந்தைக்குரிய கைப்பேசிகள் பொருத்தப்படுகின்றன. புளூபேர்ட் செயற்கைக்கோள் தொடர்புகொள்ள இருப்பதும் கைப்பேசியோடுதான். வீட்டுக் கூரையில் தட்டு வேண்டா. தனிக் கருவியும் வேண்டா. சட்டைப்பையில் உள்ள கைப்பேசியே போதும் என்பது அதன் நோக்கம்.

ஆகவே ஒரு தகவல்தொடர்பின் இரு முனைகளும் நம் வட்டாரத்தைத் தொட்டு நிற்கின்றன. ஒரு முனையை நாம் விண்ணுக்குச் சுமந்தோம்; மறுமுனையை மண்ணில் பொருத்துகின்றோம். ஆயினும் அவ்விரு முனைகளையும் வடிவமைத்தோர் வேற்று நாட்டார். சுமப்பதும் பொருத்துவதும் மட்டுமே நம் பங்கா? சமைத்தல் என்னும் சொல்லுக்கு ஆக்குதல், படைத்தல் என்பது பழம்பொருள். அச்சமைத்தலில் நமக்குள்ள இடம் யாது என்பதையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

ஏவூர்தியின் அமைப்பு

எல்.வி.எம்.3 ஏவூர்தியின் உயரம் 43.5 மீட்டர், ஏறத்தாழ பதினான்கு மாடிக் கட்டடத்தின் உயரம் எனலாம். புறப்படும்போது அதன் எடை 640 டன். அது சுமந்து சென்ற செயற்கைக்கோளோ 6 டன்னுக்குச் சற்று மிகுதி. நூறு பங்கில் ஒரு பங்கினைச் சேர்ப்பிப்பதற்காகவே மற்ற பங்குகள் அனைத்தும் எரிந்தும் கழன்றும் போகின்றன. புவியைச் சுற்றும் தாழ்பாதையில் ஒரு பொருள் நிலைத்து நிற்க வேண்டுமாயின் நொடிக்கு ஏறத்தாழ ஏழரைக் கிலோமீட்டர் விரைவு வேண்டும். அவ்விரைவை எய்தும் வரை ஏவூர்தி தன் எரிபொருளையும் தானே தூக்கிச் செல்ல வேண்டியிருக்கின்றது. எரிந்து தீர்ந்த கலத்தை வீணே சுமத்தல் ஆகாது என்பதனால்தான் ஏவூர்தியை அடுக்குகளாகப் பகுத்து, முடிந்த அடுக்கினைக் கழற்றிவிடுகின்றனர்.

இவ்வேவூர்தியில் மூன்று வகை எரிபொருள்கள் மூன்று நிலைகளில் பயன்படுகின்றன. இருபுறமும் தூண்கள் போல் நிற்பவை எஸ்200 எனப்படும் திண்ம எரிபொருள் உந்துபொறிகள். ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கு மேற்பட்ட எரிபொருள் இறுகிய ரப்பர் போன்ற பொருளாக வார்க்கப்பட்டிருக்கும். தரையிலிருந்து கலத்தைத் தூக்குபவை இவ்விரண்டே. இரண்டு நிமிடம் நிறைவதற்குச் சற்று முன்னர், வானில் இருக்கும்போதே, நடுவிலுள்ள எல்110 என்னும் திரவ நிலை எரியத் தொடங்கும். அதில் ‘விகாஸ்’ பொறிகள் இரண்டு உள்ளன. திண்மப் பொறிகள் எரிந்து முடிந்ததும் கழன்று கடலில் வீழும். காற்று மண்டலத்தைக் கடந்தபின் செயற்கைக்கோளை மூடிக் காத்த தலைக்கவசமும் பிரிந்து விழும்.

இறுதியில் எரிவது சி25 என்னும் கடுங்குளிர் நிலை. கிரையோஜெனிக் என்று செய்தித்தாள்கள் குறிப்பிடுவது இதனையே. ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய இரண்டையும் நீர்மமாக்கி இதில் நிரப்புகின்றனர். ஹைட்ரஜன் நீர்மமாக இருக்க வேண்டுமெனில் கழி 253 பாகை செல்சியஸ் குளிர்ச்சி வேண்டும். ஆக்சிஜனுக்குக் கழி 183 பாகை. இத்தகைய குளிரில் உள்ள நீர்மங்களைக் குழாய்களின் வழியே விரைந்து செலுத்தி, சில அடி தொலைவில் மூவாயிரம் பாகையளவு வெம்மையில் எரிக்க வேண்டும். ஒரே பொறியின் ஒரு முனையில் பனியினும் கடுங்குளிர், மறுமுனையில் உலையினும் கடுவெம்மை. இவ்விரண்டையும் தாங்கும் உலோகமும், அடைப்பானும், சுழலியும் செய்வதே இத்தொழில்நுட்பத்தின் அருமை. இப்பொறிகளின் சோதனைகள் தமிழகத் தென்கோடியில், திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் நடைபெறுகின்றன என்பது நாம் நினைவிற்கொள்ளத்தக்கது.

டிசம்பர் 24 அன்று இம்மூன்று நிலைகளும் தம் பணியை முறையாக முடிக்க, கால் மணி நேர அளவில் செயற்கைக்கோள் தன் பாதையில் விடப்பட்டது.

ஒரு கிரவுண்டு மனை

ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் செல்வோர் மனை விற்பனைப் பலகைகளைக் காணாமல் செல்ல இயலாது. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. புளூபேர்ட் செயற்கைக்கோள் விண்ணில் விரிக்கும் அலைவாங்கியின் பரப்பு 223 சதுர மீட்டர். சதுர அடிக் கணக்கில் அது 2,400. வீட்டுமனை ஒன்றின் பரப்புடைய அலைவாங்கியை மடித்துச் சுருட்டி ஏவூர்தியின் தலைக்குள் வைத்து அனுப்பினர்.

இவ்வளவு பெரிய அலைவாங்கி எதற்கு? விடை தொலைவில் உள்ளது. நாம் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் இன்சாட், ஜிசாட் வகைத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டிற்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவ்வுயரத்தில் ஒரு சுற்றுக்கு ஆகும் காலமும் புவி தன்னைத்தானே சுற்றும் காலமும் ஒன்றாதலின், அவை வானில் ஓரிடத்திலேயே நிற்பனபோல் தோன்றும். வீட்டுக் கூரைத் தட்டினை ஒருமுறை திருப்பி வைத்தால் போதும் என்பது இதன் பயன். ஆனால் அங்குச் சென்று மீளும் அலைக்கு ஏறத்தாழ கால் நொடி ஆகும். அன்றியும், அலையின் வலிமை தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறையும். ஆதலின் சிறிய கைப்பேசியின் மெல்லிய குரல் அவ்வளவு தொலைவு சென்று கேட்பது அரிது.

புளூபேர்ட் சுற்றுவதோ 500 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில். எளிமைக்காக 500 என்றே கொள்வோம். தொலைவு 72-இல் ஒரு பங்காகக் குறைகின்றது. அதன் இருமடியாகக் கணக்கிட, வந்து சேரும் அலையின் வலிமை ஐயாயிரம் மடங்குக்கு மேல் உயர்கின்றது. அலை சென்று மீளும் காலமும் ஆயிரத்தில் மூன்று அல்லது நான்கு பங்கு நொடியாகச் சுருங்குகின்றது. அப்போதும், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோபுரத்தோடு பேசுவதற்கென்று அமைந்த கைப்பேசியின் அலை அங்குச் சென்று சேரும்போது மிக மெலிந்தே இருக்கும். சிறு தூறலைச் சேர்த்துக்கொள்ளப் பெரிய கூரை வேண்டும் அல்லவா? மெலிந்த அலையைச் சேர்த்துக்கொள்ள ஒரு மனையளவு அலைவாங்கி வேண்டியதாயிற்று.

இதற்கு ஒரு குறையும் உண்டு. தாழ்பாதையில் செல்லும் செயற்கைக்கோள் ஓரிடத்தில் நில்லாது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திற்கு ஒருமுறை புவியைச் சுற்றி வரும். ஓர் ஊரின் தலைக்கு மேல் அது தங்குவது சில நிமிடங்களே. ஒன்று மறையுமுன் மற்றொன்று வர வேண்டும். ஆதலின் ஒரு செயற்கைக்கோளால் பயனில்லை, பல வேண்டும். பல செயற்கைக்கோள்கள் வேண்டுமெனில் பல ஏவூர்திகளும் வேண்டும். சுமப்போருக்கு உலகச் சந்தையில் இன்று மதிப்பு மிகுந்திருப்பதன் காரணம் இதுவே. இங்கிலாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்வெப் நிறுவனம், 2022-இல் ரஷ்ய ஏவூர்திகளின் வழி அடைபட்டபோது நம்மை நாடியது. 2022 அக்டோபர் 23-இல் 36, 2023 மார்ச் 26-இல் 36 என, அதன் 72 செயற்கைக்கோள்களை எல்.வி.எம்.3 இருமுறை சுமந்து சென்று சேர்த்தது.

நாம் கூலி கொடுத்த காலம்

பிறர் சுமையை நாம் ஏற்றுச் செல்லும் இந்நிலை ஒரு நாளில் வந்ததன்று. 1981 ஜூன் 19-இல் நம் முதல் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளாகிய ‘ஆப்பிள்’, ஐரோப்பியரின் ஏரியன் ஏவூர்தியில் ஏறிச் சென்றது. சோதனைக்காக அதனை மாட்டுவண்டியில் ஏற்றி வைத்திருக்கும் நிழற்படத்தைக் காணாதவர் அரியர். 1982-இல் சென்ற இன்சாட்-1ஏ அமெரிக்காவில் செய்யப்பட்டு அமெரிக்க ஏவூர்தியிலேயே ஏறிற்று. அவ்வாண்டு செப்டம்பரிலேயே செயலிழந்தது. 1983-இல் இன்சாட்-1பி அமெரிக்கரின் ‘சேலஞ்சர்’ விண்ணோடத்தில் சென்றது. செயற்கைக்கோளும் பிறருடையது, சுமக்கும் கலமும் பிறருடையது, கட்டணம் மட்டுமே நம்முடையது என்றிருந்த காலம் அது. 1992-இல் சென்ற இன்சாட்-2ஏ நம் அறிஞர்களே ஆக்கியது. எனினும் ஏறிச் சென்றது ஏரியனில்தான்.

நம் ஏவூர்தியோ அக்காலத்தில் குழந்தைப் பருவத்தில் இருந்தது. 1980 ஜூலை 18-இல் எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி ‘ரோகிணி’ செயற்கைக்கோளைப் பாதையில் சேர்த்தது. அத்திட்டத்தின் இயக்குநர், இராமேசுவரத்தில் பிறந்து, திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்ற ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் ஆவார். ரோகிணியின் எடை 35 கிலோ. 35 கிலோவிலிருந்து 6,100 கிலோவிற்கு வர நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

இவ்வளர்ச்சியின் இடையே இரு நிகழ்ச்சிகள் நம் வினாவுக்கு விடை தருவன. 1970-களில் பிரெஞ்சு நாட்டவர் ‘வைக்கிங்’ என்னும் திரவப் பொறியை ஆக்கிக்கொண்டிருந்தனர். நம் பொறியாளர்கள் அங்குச் சென்று அவர்களுக்காக உழைத்தனர். அவ்வுழைப்புக்கு ஈடாக நாம் பெற்றது தொழில்நுட்ப அறிவு. எல்.வி.எம்.3-இன் நடுவில் எரியும் விகாஸ் பொறி அவ்வறிவின் வழித்தோன்றலே. பிறர் பணியைச் செய்யும்போதே அதன் உள்ளமைப்பைக் கற்றுக்கொண்டு மீண்டனர் நம்மவர்.

மற்றொன்று மறுக்கப்பட்ட கதை. கடுங்குளிர்ப் பொறியையும் அதன் தொழில்நுட்பத்தையும் தருவதாக 1991-இல் நம்மோடு ஒப்பந்தம் செய்துகொண்ட ரஷ்ய நிறுவனம், அமெரிக்காவின் நெருக்குதலால் 1993-இல் தொழில்நுட்பத்தைத் தர மறுத்தது. ஆக்கி முடித்த பொறிகள் ஏழு மட்டும் தரப்பட்டன. பொறி கிடைத்தது, பொறியை ஆக்கும் அறிவு கிடைக்கவில்லை. அதனை நம்மவர் தாமே தேட வேண்டியதாயிற்று. 2010 ஏப்ரல் 15-இல் நம் சொந்தக் கடுங்குளிர்ப் பொறியுடன் எழுந்த ஜி.எஸ்.எல்.வி. தோல்வியுற்றது. 2014 ஜனவரி 5-இல் வென்றது. அதனினும் பெரிய, முற்றிலும் வேறான வடிவமைப்புடைய சிஇ-20 பொறியைக் கொண்டு 2017 ஜூன் 5-இல் எல்.வி.எம்.3, ஜிசாட்-19-ஐச் சுமந்து சென்றது. மறுப்புக்கும் வெற்றிக்கும் இடையே இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்தன. டிசம்பர் 24-இல் புளூபேர்டை இறுதியாக உந்தியது இப்பொறியே.

இன்றும் நாம் முற்றத் தன்னிறைவு பெற்றுவிட்டோம் என்று கூறல் பொருந்தாது. 4,700 கிலோ எடையுள்ள ஜிசாட்-என்2 செயற்கைக்கோள் 2024 நவம்பரில் அமெரிக்க ஃபால்கன்-9 ஏவூர்தியில்தான் சென்றது. 36,000 கிலோமீட்டர் உயரத்திற்கு இட்டுச்செல்லும் நீள்பாதையில் அவ்வெடையை விடுவதற்கு நம் ஏவூர்தியின் ஆற்றல் போதாமையே காரணம். 2025 நவம்பர் 2-இல் 4,410 கிலோ எடையுள்ள சி.எம்.எஸ்.-03 நம் ஏவூர்தியிலேயே சென்றது என்பது அக்குறை சுருங்கிவருவதற்குச் சான்று.

பொள்ளிலூர்ப் பாடம்

ஏவூர்தி இவ்வட்டாரத்திற்குப் புதியதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் 1780 செப்டம்பர் 10-இல் ஐதர் அலியும் அவர் மைந்தர் திப்புவும் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை வென்றனர். அப்போரில் மைசூர்ப் படையின் எறிகணைகள் ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகளைத் தீப்பற்றச் செய்தன என்று வரலாற்றாசிரியர் பலர் எழுதுவர். மூங்கில் கழியில் கட்டிய இரும்புக் குழாய்க்குள் மருந்தை அடைத்தனர் மைசூர்க் கொல்லர். காகிதக் குழாய் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியது. ஆதலின் எறிகணை நெடுந்தொலைவு சென்றது.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவ்வெறிகணைகள் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கு வில்லியம் காங்கிரீவ் அவற்றை ஆராய்ந்து, தம் பெயரால் வழங்கும் எறிகணையை ஆக்கினார். ஐரோப்பியப் போர்க்களங்களில் அது பயன்பட்டது. இங்கோ அக்கொல்லர்களின் தொழில் அரசாதரவு இன்றி அவிந்தது. கைப்பற்றியவர் பிரித்துப் பார்த்துக் கற்றனர். சமைத்தவர் மரபு தொடராது போயிற்று. ஒரு பொருளைக் கையில் வைத்திருத்தல் வேறு, அதனை ஆக்கும் அறிவை வழிவழியாகக் காத்தல் வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

தொழில்தடத்தின் நிலை

இனி நம் தொழில்தடத்திற்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை, உலகின் மிகப்பெரிய கைப்பேசி ஆலைகளுள் ஒன்றாக விளங்கிற்று. சுற்றுப்புற மாவட்டங்களின் இளைஞரும் மகளிரும் பல்லாயிரவர் அங்குப் பணியாற்றினர். அந்நிறுவனத்தின் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திற்கு விற்கப்பட்டபோது, வரிப் பிணக்கில் சிக்கியிருந்த இவ்வாலை அதனோடு சேரவில்லை. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. நம்மவர் கைத்திறனில் குறை இருந்ததன்று. கைப்பேசியின் வடிவமும், உள்ளமைப்பும், சந்தையும் வேறெங்கோ தீர்மானிக்கப்பட்டன. அங்கு எடுத்த முடிவு இங்கு உலையை அணைத்தது.

பின்னர் இத்தடம் மீண்டும் தளிர்த்தது. ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் 2019 முதல் ஐஃபோன்கள் பொருத்தப்படுகின்றன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்குரிய விடுதி திறக்கப்பட்டது. ஓர் ஊரின் மக்கள்தொகைக்கு ஒப்பான மகளிர் ஒரே வளாகத்தில் தங்கி உழைக்கின்ற காட்சி தமிழகம் முன்னர்க் கண்டிராதது. அவர்களுள் தமிழ்வழியில் பயின்று, குடும்பத்தில் முதன்முறையாக மாதச் சம்பளம் பெறுவோர் பலர். அச்சம்பளம் தங்கை, தம்பியரின் படிப்பாகவும், வீட்டுக் கடனின் தவணையாகவும் மாறுவதை நாம் அறிவோம். ஆதலின் பொருத்தும் தொழிலை இழிவாகக் கருதல் தகாது. அது தொடக்கம், முடிவாகிவிடலாகாது என்பதே நம் கவலை.

அவ்வல்லம் வடகாலிலேயே வானூர்தி, விண்வெளித் தொழில்களுக்கென்று பூங்கா ஒன்றையும் அரசு அமைத்திருக்கின்றது. 2025-இல் தமிழக அரசு விண்வெளித் தொழிற்கொள்கையை வெளியிட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முளைத்த அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் வார்த்த பொறியைக் கொண்டு 2024 மே 30-இல் தன் சோதனை ஏவூர்தியைப் பறக்கவிட்டது. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாம் ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து தென்திசையில் ஏவப்படும் சிறு ஏவூர்திகள் இலங்கையைச் சுற்றி வளைந்து செல்ல வேண்டுவதில்லை. வளைதலில் வீணாகும் எரிபொருள் சுமைதூக்கும் ஆற்றலாக மாறும்.

நிறைவாக

வாய்ப்புகள் அருகில் வந்துவிட்டன. விடுதிக்கும் விண்வெளிப் பூங்காவிற்கும் இடையே உள்ள தொலைவு சில கிலோமீட்டரே. ஆயினும் கைப்பேசியில் திருகாணி பொருத்தும் ஒரு பெண், அக்கைப்பேசியின் அலைவாங்கியை வடிவமைக்கும் மேசைக்குச் சென்று சேர வேண்டிய தொலைவு அதனினும் பன்மடங்கு பெரிது. அத்தொலைவைக் குறைப்பது யார் கடன்?

ஆலைகள் பயிற்சி அளித்தல் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களும் பல்தொழில்நுட்பக் கல்லூரிகளும் பணியிலிருப்போர்க்கு மாலை வகுப்புகளைத் திறத்தல் வேண்டும். அவற்றோடு, தமிழ்த்துறையினராகிய நமக்கும் ஒரு கடன் உண்டு. தான் செய்யும் வேலையின் ‘எப்படி’ என்பதை மட்டும் அறிந்தவர் பிறர் ஏவலைச் செய்வர். ‘ஏன்’ என்பதையும் அறிந்தவர் புதியதைச் செய்வர். அந்த ‘ஏன்’ அவருக்குத் தாய்மொழியில் எட்டுமாறு செய்தல் நம் பணி. அலைவாங்கி ஏன் அகன்றிருத்தல் வேண்டும், கடுங்குளிர்ப் பொறி ஏன் அரியது, தாழ்பாதையில் செல்வது ஏன் நில்லாது என்பனவற்றைப் பத்தாம் வகுப்பு முடித்த ஒருவர் தமிழில் படித்துத் தெளியும் நூல்கள் நம்மிடம் எத்தனை உள்ளன? இலக்கியத்திற்கு உரை கண்ட மரபு நம்முடையது. பொறிகளுக்கும் உரை காணும் காலம் இது.

பிரெஞ்சு நாட்டில் பிறர் பொறிக்காக உழைத்த நம் பொறியாளர்கள் அறிவோடு மீண்டதனால்தான் இன்று ஸ்ரீஹரிகோட்டாவில் விகாஸ் எரிகின்றது. ஸ்ரீபெரும்புதூரில் பிறர் கைப்பேசிக்காக உழைக்கும் நம் மக்களும் அவ்வாறே அறிவோடு மீளுதல் வேண்டும். அதற்கு வேண்டிய நூல்களை எழுதவும், அவர்களுக்குக் கற்பிக்கவும் நம் மாணவர்கள் முன்வருவார்களாக.